இராசராசேச்சுர நாடகம்

தில்லைக்கூத்தன் ஆடலை ஐந்தொழிலாகவும் திருவைந்தெழுத்தாகவும் வைத்து உண்மை விளக்கம் ஓதுவாருள்ளுஞ் சிலர், மேடைமேல் வேடம் புனைந்து ஆடுவானைக் காணின் முகஞ்சுளிக்கின்றனர். கூத்து இழிதொழில், கோயிற்கு அயலது என்பது அன்னார் கூற்று. தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டொன்று அதற்கு விடையாதலின் அதனை ஈண்டு ஆராய்வாம்.

முதலாம் இராசராசன் எடுப்பித்த அக்கோயிலில், இரண்டாம் இராசேந்திரனது ஆறாம் ஆட்சியாண்டில், அஃதாவது கி.பி. 1057-ஐ ஒட்டி, சாந்திக்கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றனான விசயராசேந்திர ஆசாரியனுக்கு நிவந்தம் ஏற்பட்டது. வைகாசிப் பெருந்திருவிழாவில் இராசராசேச்சுர நாடகம் ஆடுதல் அவன் கடமை. நாடோறும் நெல் தூணி. ஆண்டொன்றுக்கு 120 கலம். மூன்று தூணி ஒரு கலமாதலின், 360 நாட்குக் கணக்கு வழுவின்றிப் பொருந்துதல் காண்க. ஆடுவதோ திருவிழாவில், நெல்லோ ஆண்டு முழுதும். பயிற்சி இடையறாமற் பேணப்படல் வேண்டுமெனக் கருதியே இங்ஙனம் அளந்தனர் எனக் கோடல் தகும். அந்நெல்லை அளந்த மரக்காலின் பெயர் ஆடவல்லான்! கூத்தனுக்குக் கூலி அளந்ததும் அப்பெருங்கூத்தன் திருப்பெயரே. இராசராசன் அக்கோயிலில் அமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர்க்குப் பங்கு ஒன்றுக்கு 100 கலமே வகுக்கப்பட்டதனையும் உடன்வைத்து நோக்குக.

சாந்திக்கூத்தாவது யாது? அடியார்க்குநல்லார் உரையிற் சொக்கம், மெய்க்கூத்து, அவிநயக்கூத்து, நாடகம் என அது நால்வகைப்படும். கதை தழுவி வருவது நாடகம்.

இனி, இந்நாடகப் பொருள் இராசராசன் வரலாறே எனப் பலர் துணிந்து எழுதுகின்றனர். கல்வெட்டு அங்ஙனம் கூறிற்றில்லை. நாடக ஏடும் கிடைத்திலது. ‘இராசராசேச்சுரம்’ என்பது கோயிலின் பெயர். இதே கோயிலிற் பிற்காலத்து ஆடப்பட்டு வந்த சரபேந்திர பூபாலக் குறவஞ்சி, 1798 முதல் 1832 வரை ஆண்ட சரபோசியைப் பாட்டுடைத் தலைவனாக உடையது. ஆதலின் அதன் பெயரில் மன்னன் பெயரே நின்றது. ஈண்டோ ஈச்சுரம் என்னுஞ் சொல் உடன் நிற்கின்றது. எனவே, கோயிலின் தோற்றமோ அதில் எழுந்தருளிய இறைவன் திருவிளையாடலோ பொருளாயிருத்தல் கூடும் என்பது எம் கருத்து. கோயிலின் தோற்றங் கூறுங்கால் அரசனும் அதில் இடம்பெறுவன் என்பாரை யாம் மறுக்கின்றிலம். திருப்பாதிரிப்புலியூர்க் கல்வெட்டு, கன்னிவன புராணத்தொடு பூம்புலியூர் நாடகத்தையுஞ் சேர்த்துக் கூறும். அவ்வூரில் தலபுராணமும் நாடகமும் ஒருங்கு போற்றப்பட்டன. புராணத்தைப் போற்றி நாடகத்தை விலக்கும் வழக்கம் அந்நாளில் இல்லை.