பின்வளைவின் பூர்வோத்தரம்

யோகாசனங்களில் பின்னோக்கி வளைபவை தனியொரு ஜாதி. முன்னே குனிந்து கால்விரலைத் தொடுவதில் உள்ள சிரமம் பெரும்பாலும் தொடையின் பின்புறத் தசைகளோடு முடிந்துவிடும். பின்னே வளைவதிலோ தோள், மார்பு, விலாக்கூடு, அடிவயிறு, தொடையின் முன்புறம் என்று சரீரத்தின் முன்பக்கம் முழுவதும் ஒருசேர இசைந்து கொடுத்தாலொழிய முதுகு வளைந்து கொடுப்பதில்லை. இந்த ஜாதியில் கபோதாசனம் என்று ஒன்று உண்டு. முழங்காலிட்டு நிமிர்ந்து, அப்படியே பின்னால் சாய்ந்து, உச்சந்தலை உள்ளங்காலைத் தொட, கைகள் குதிகால்களைப் பற்ற, முழங்கைகள் தரையில் ஊன்றியிருக்க, புறாவின் மார்புபோல் மார்பு விம்மி நிற்கும் நிலை அது. இதைப் பயில்வதில் வருஷங்கள் செலவாவது இன்று சகஜம். ஆனால் இத்தனை காலம் எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் அங்கத்தையும் பக்குவப்படுத்தி, கிரமமாக இதை அணுகவேண்டும் என்ற எண்ணம் எங்கே, எந்த அனுபவத்திலிருந்து பிறந்தது என்று ஆராய்பவர்கள் சிலரே. ஆசனம் பெரிது, ஆனால் அந்தக் கிரமத்தைக் கண்டது அதனினும் பெரிய சாதனை என்பது என் துணிபு.

பழைய ஹடயோக சாஸ்திரங்களைப் புரட்டினால் பின்வளைவுக்கு அவை அளித்த இடம் சொற்பம். 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஸ்வாத்மாராமரின் ஹடயோக பிரதீபிகை 15 ஆசனங்களை வர்ணிக்கிறது. அதில் வரும் தனுராசனம், உட்கார்ந்தபடி கால் கட்டைவிரலை நாணேற்றுவதுபோல் காதுவரை இழுப்பதே தவிர, இன்று நாம் அப்பெயரால் வழங்கும் வளைவு அன்று. அதற்குப் பின்வந்த கேரண்ட ஸம்ஹிதை 32 ஆசனங்களுக்கு விரிந்து, புஜங்காசனம், சலபாசனம், உஷ்டிராசனம் முதலியவற்றைச் சேர்த்துக்கொண்டது. எனினும் அங்கே உஷ்டிராசனம்கூடக் குப்புறப் படுத்துச் செய்வதாகவே சொல்லப்படுகிறது. நம் திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் ஆசனங்களைச் சொல்லுங்கால், அமர்ந்து தியானிப்பதற்கு உரியவற்றையே பிரதானமாகக் கொண்டார். பிராணனை அடக்கி மனத்தை ஒடுக்க விரும்பியவர்களுக்கு நெடுநேரம் அசையாமல் இருக்கத்தக்க இருக்கை வேண்டியிருந்ததேயன்றி, குதிகாலைத் தலையால் தொடவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அப்படியானால் உடலைப் பின்னால் வளைக்கும் வித்தையை இந்த நாட்டில் பேணியவர்கள் யார்? கூத்தர்களும், மல்லர்களும், கழைக்கூத்தாடிகளுமே. தஞ்சைப் பெரிய கோயிலின் மேல்தளத்தில் சிவபெருமான் ஆடுவதாகச் செதுக்கப்பட்டுள்ள 81 கரணங்களையும், சிதம்பரம் கோபுர வாயில்களில் நாட்டிய சாஸ்திர சுலோகங்களோடு பொறிக்கப்பட்ட 108 கரணங்களையும் பொறுமையோடு பார்த்து வருபவர்கள், விருச்சிக கரணம் போன்றவற்றில் கால் முதுகுக்குப் பின்னால் தேள்கொடுக்காய் மேலெழும்பி வளைவதைக் காண்பார்கள். தெருமுனையில் மேளம் கொட்டிக் கயிறுகட்டி ஆடும் கழைக்கூத்தாடியின் குழந்தை பின்னால் வளைந்து, தரையில் கிடக்கும் நாணயத்தைக் கண்ணிமையால் எடுக்கும் காட்சியும் நமக்குப் புதிதன்று. அந்தக் குழந்தை எலும்பு இளகியிருக்கும் பருவத்திலேயே பழக்கப்பட்டது, குலத்தொழிலாக வந்தது, பிழைப்பு அதை நம்பி நின்றது. வயது வந்த ஒருவன், இறுகிப்போன சரீரத்தோடு வந்து நின்றால் அவனை எப்படிப் பழக்குவது என்ற கேள்வி அங்கே எழவே இல்லை.

இந்த இரண்டு மரபுகளும் சந்தித்த இடம் மைசூர். மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 19-ஆம் நூற்றாண்டில் உருவான ஸ்ரீதத்வநிதி என்னும் சித்திரக் களஞ்சியத்தில் 122 ஆசனங்கள் வர்ணப் படங்களாகத் தீட்டப்பட்டுள்ளன. கயிற்றைப் பிடித்துக்கொண்டு செய்பவையும் அவற்றுள் உண்டு. அரண்மனையில் தேகாப்பியாசத்துக்கும் யோகத்துக்கும் இடையே வேலி இருக்கவில்லை என்பதற்கு அந்தச் சித்திரங்களே சாட்சி. அதே வம்சத்தில் வந்த நால்வடி கிருஷ்ணராஜ உடையார், திருமலை கிருஷ்ணமாசாரியாரை ஆதரித்து 1933-இல் ஜகன்மோகன அரண்மனையில் யோகசாலை ஒன்றை ஏற்படுத்திக் கொடுத்தார். 1888-இல் சித்ரதுர்க்கப் பிரதேசத்தில் பிறந்த கிருஷ்ணமாசாரியார், வேதாந்தமும் நியாயமும் மீமாம்ஸையும் கற்றுத் துறைபோனவர், வைணவ ஆசாரியரான நாதமுனிகளின் பரம்பரையினர். பதினாறு வயதில் ஆழ்வார்திருநகரி சென்று, நாதமுனிகளின் யோக ரகஸ்யம் என்னும் நூலைத் தரிசன நிலையில் உபதேசமாகப் பெற்றதாக அவரே சொல்லியிருக்கிறார். அவருடைய யோக மகரந்தம் 1934-இல் கன்னடத்தில் வெளிவந்தது.

யோகசாலையில் பயின்றவர்கள் பெரும்பாலும் அரச குலத்துச் சிறுவர்கள். மகாராஜாவுக்கோ இந்த வித்தை தேசமெங்கும் பரவவேண்டும் என்ற ஆவல். அதற்காகச் செயல்முறை விளக்கக் கூட்டங்கள் ஊர் ஊராக நடத்தப்பட்டன. கூட்டத்தைக் கவர்வது சுகாசனமா, பின்னால் வளைந்து நிற்கும் பாலகனின் உடம்பா என்று சொல்லவேண்டியதில்லை. அந்த நாட்களில் பின்வளைவு மீண்டும் காட்சிப்பொருளாயிற்று. ஆனால் இம்முறை பூணூலும் சுலோகமும் அதற்குத் துணைநின்றன. 1938-இல் எடுக்கப்பட்ட மௌனப்படம் ஒன்று இன்றும் நமக்குக் காணக் கிடைக்கிறது. ஐம்பதை எட்டிக்கொண்டிருந்த கிருஷ்ணமாசாரியாரும், இருபதைத் தொடும் அவருடைய மைத்துனரும் அதில் ஆசனங்களைச் செய்து காட்டுகிறார்கள். அந்த வாலிபர் நின்ற நிலையிலிருந்து பின்னே வளைந்து தரையை அடைவதும் மீண்டும் எழுவதும் தண்ணீர் ஓடுவதுபோல் இருக்கின்றன. அவர்தாம் பெல்லூர் கிருஷ்ணமாசார் சுந்தரராஜ ஐயங்கார்.

அந்தச் சரளத்துக்குக் கொடுத்த விலையைப் படம் சொல்வதில்லை. ஐயங்கார் பிற்காலத்தில் வாய்விட்டுச் சொன்னார். 1918-இல் பிறந்து, மலேரியாவும் டைபாய்டும் க்ஷயமும் மாறிமாறி வாட்டிய பாலியத்தைக் கடந்து, 1934-இல் தமக்கை வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, நின்றபடி குனிந்தால் அவர் கைவிரல்கள் முழங்காலைத் தாண்டவில்லையாம். முதன்மைச் சீடனாயிருந்த சிறுவன் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட, காட்சிக்கு ஆள் வேண்டியிருந்த நெருக்கடியில், இந்த நோஞ்சான் பிள்ளையின்மேல் குருவின் பார்வை விழுந்தது. சொற்ப தினங்களில் கடினமான ஆசனங்களைக் கற்றுச் சபை நடுவே நிற்கவேண்டி வந்தது. பழகியறியாத அனுமனாசனத்தைச் செய்யும்படி பெரியோர் முன்னிலையில் ஆணை பிறக்க, மறுக்கத் துணியாமல் செய்து தொடைத்தசை கிழிந்து நெடுங்காலம் அவதிப்பட்டார். முதுகின் வலியும் வருஷக்கணக்கில் விடவில்லை. குருவின் பாண்டித்தியத்தை எவ்வளவு போற்றினாலும், அந்தக் காலத்துப் பயிற்றுமுறையை நான் போற்றமாட்டேன்; பிள்ளைகளின் உடம்பு அரசவையின் அவசரத்துக்குப் பலியானது என்றே சொல்வேன்.

அவசரம் ஏன் இங்கே இவ்வளவு தீங்கு செய்கிறது என்பதை உடற்கூறு விளக்கும். கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 என அசையத்தக்க முள்ளெலும்புகள் 24. மார்புப் பகுதியின் பன்னிரண்டும் விலாவெலும்புகளோடு பிணைந்திருப்பதால் எளிதில் இசையமாட்டா. இடுப்பின் ஐந்தோ சட்டென்று மடங்கிக் கொடுக்கும். ஆகவே ஆத்திரப்படுகிறவன், கபோதாசனத்தின் வளைவு முழுவதையும் இடுப்பின் இரண்டு மூன்று எலும்புகளின் தலையில் சுமத்திவிட்டு, கை குதிகாலைத் தொட்டதென்று மகிழ்கிறான். மார்பு திறக்கவும், தோள் காதுக்குப் பின்னால் செல்லவும், தொடையின் முன்தசை நீளவும் மாதங்கள் வேண்டும். போதாக்குறைக்கு அந்த நிலையில் மூச்சு சிறுத்து விரைந்து ஓடும். பயம் அதை இன்னும் விரைவாக்கும். மூச்சைப் பழக்குவதும் உடம்பைப் பழக்குவதற்கு ஈடான வேலை.

1937-இல் புனாவுக்கு அனுப்பப்பட்ட ஐயங்கார், டெக்கான் ஜிம்கானாவில் தம்மைவிட வயதிலும் பலத்திலும் மிஞ்சியவர்களுக்குப் போதிக்கவேண்டியவரானார். அருகில் குரு இல்லை. தம் உடம்பையே ஏடாக வைத்து நாள்தோறும் மணிக்கணக்கில் பரிசோதித்தார். அந்தப் பரிசோதனையின் கனி 1966-இல் லண்டனில் வெளிவந்த லைட் ஆன் யோகா. வயலின் மேதை யெஹுதி மெனுஹின் முன்னுரை எழுதிய அந்த நூலில் ஒவ்வோர் ஆசனத்துக்கும் அதன் கடினத்தைக் குறிக்கும் எண் தரப்பட்டிருக்கிறது. ஒன்று எளியது, அறுபது எல்லாவற்றிலும் கடியது. அறுபதாம் எண் பெற்றது, நின்றபடியே பின்னால் வளைந்து தன் கணுக்காலைத் தானே பற்றும் திர்யங்க முகோத்தானாசனம். இதைவிட முக்கியமானது அனுபந்தத்தில் இருக்கிறது: 300 வாரங்களுக்கான பாடத்திட்டம். சில தினங்களில் கற்றுச் சபையேறும்படி பணிக்கப்பட்ட சிறுவன், வளர்ந்து ஆசிரியனானபின் தன் வாசகனுக்குக் கிட்டத்தட்ட ஆறு வருஷம் அவகாசம் கொடுத்தான் என்பதை நினைக்கும்போது என் மனம் நெகிழ்கிறது.

அவகாசம் மட்டுமா, துணைக்கருவிகளும் கொடுத்தார். மடக்கு நாற்காலியின் முதுகுச் சட்டத்துக்குள் கால்களை நுழைத்து உட்கார்ந்து, இருக்கையின் விளிம்பு தோள்பட்டை எலும்புகளுக்குக் கீழே படும்படி மெல்லப் பின்னால் சரிந்து, தலைக்கு அடியில் மடித்த போர்வையும், பாதங்களை ஊன்ற எதிரே சுவரும் இருக்க, ஐந்து நிமிஷம் நிம்மதியாகத் தங்கலாம். இடுப்பு பாரம் சுமக்காமல், இசையாத மார்புப் பகுதி மட்டும் இருக்கையின் விளிம்பில் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். மறுமாதம் போர்வையின் ஒரு மடிப்பை எடுத்துவிடலாம். சுவரில் மாட்டிய கயிறுகளும் மரக்கட்டைகளும் இதே உபாயத்தின் வேறு வடிவங்கள். 1975-இல் புனாவில் தம் மனைவி ரமாமணியின் பெயரால் அவர் நிறுவிய நிலையத்தில் இவையெல்லாம் பாடமுறையாக உருப்பெற்றன. 1979-இல் ஸ்கூட்டர் விபத்துகளில் அடிபட்டு, அறுபது வயதில் ஆரம்ப ஆசனங்களிலிருந்து மீண்டும் தொடங்க நேர்ந்தபோது, பிறருக்கென்று அமைத்த அந்தச் சாதனங்களே அவரையும் தூக்கி நிறுத்தின.

கிருஷ்ணமாசாரியாரின் மற்றொரு சீடரும் மைசூரிலேயே தங்கிவிட்டவருமான பட்டாபி ஜோயிஸ், 1948-இல் லக்ஷ்மிபுரத்தில் தம் நிலையத்தைத் தொடங்கி, வேறொரு வழியைப் பின்பற்றினார். அங்கே நாற்காலியும் இல்லை, கட்டையும் இல்லை, வரிசைதான் ஆசான். அவர் கற்பித்த ஆசன வரிசைகளுள் இரண்டாவதில் சலபாசனம், பேகாசனம், தனுராசனம், உஷ்டிராசனம், லகு வஜ்ராசனம் என்று ஏறிச்சென்று கபோதாசனத்தை அடையவேண்டும்; ஒன்று கைவராமல் அடுத்தது தரப்படமாட்டாது. பயில்கிறவனின் விரல்கள் முதலில் தரையைத் தொடும், பிறகு கால்விரல் நுனியை, பல மாதம் கழித்து உள்ளங்காலின் நடுவை, ஆசிரியர் முன்னே நின்று மணிக்கட்டைப் பிடித்து ஓரங்குலம் நகர்த்துவார், ஐந்து மூச்சு. மறுநாள் காலை உடம்பு மீண்டும் இறுகியிருக்கும்.

யோகசாலையின் கதவு, சமஸ்தானம் மறைந்தபின் 1950-இல் அடைக்கப்பட்டது. கிருஷ்ணமாசாரியார் சென்னைக்குக் குடிபெயர்ந்து, நோயாளிகளையும் முதியவர்களையும் ஒருவர் ஒருவராக எதிரில் உட்காரவைத்துக் கற்பிக்கலானார். வயது, தொழில், தேகநிலை, மூச்சின் அளவு இவற்றை அறிந்தபின் ஆசனத்தை ஆளுக்கேற்ப மாற்ற வேண்டும் என்பது அவருடைய பிற்காலச் சித்தாந்தம். அவர் குமாரர் தேசிகாசார் 1976-இல் சென்னையில் நிறுவிய கிருஷ்ணமாசார்ய யோக மந்திரம் அதையே வளர்த்தது. காட்சிக்காகச் சிறுவர்களை வளைத்தவரே அந்த இடத்துக்கு வந்துசேர்ந்தார் என்பது இந்தச் சரித்திரத்தில் மிக கௌரவமான அத்தியாயம்.

இன்று நம் ஊர்ப் பள்ளிகளில் யோகாசனப் போட்டிகள் மலிந்திருக்கின்றன. எட்டு வயதுக் குழந்தைகள் மேடையில் முதுகை மடித்துப் பரிசு வாங்குகிறார்கள். குழந்தையைப் போட்டிக்கு அனுப்பும் பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம். எந்தப் போட்டியில் சேர்ப்பீர்கள் என்று ஆசிரியரைக் கேட்பதற்கு முன்னால், இந்த ஆசனத்துக்கு எத்தனை வருஷம் வைத்திருக்கிறீர்கள், அதற்கு முன் என்னென்ன கற்றுத்தருவீர்கள், வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் நிதானமாகப் பதில் சொல்லக்கூடியவரிடம் மட்டும் பிள்ளையை விடுங்கள்.