அக்காவின் வளையல்களும் மூன்று நாள் அவகாசமும்



கும்மிடிப்பூண்டியிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் மின்ரயிலேறிச் சென்னைக்குப் படிக்கச் செல்லும் பிள்ளைகளின் பெற்றோருக்காக இதனை எழுதுகின்றேன்.

குரோம்பேட்டையில் 1949ஆம் ஆண்டு சி. ராஜம் அவர்கள் நிறுவிய எம்.ஐ.டி.யில், அந்நாளில் பி.எஸ்ஸி. முடித்தவர்களே சேர முடியும். 1954இல் திருச்சியில் இயற்பியல் பட்டம் பெற்ற இராமேஸ்வரத்து அப்துல் கலாமுக்கு அங்கு இடம் கிடைத்தது. ஆனால், சேர்வதற்குச் சுமார் 1,000 ரூபாய் தேவை. தந்தையிடம் அத்தொகை இல்லை. அக்கா ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். அவற்றைத் தம் சம்பாத்தியத்தாலேயே மீட்பதெனத் தம்பி உறுதி பூண்டார். அதற்கு உதவித்தொகை ஒன்றே வழி.

பின்னர், வேறு நால்வருடன் சேர்ந்து, தாழப் பறந்து தாக்கும் போர்விமானமொன்றை வடிவமைக்கும் பணி வந்தது. வேலை பின்தங்கிற்று. கலாம் ஒரு மாத அவகாசம் கேட்டார். அன்று வெள்ளிக்கிழமை. திங்கள் காலைக்குள் வரைபடம் வராவிடில் உதவித்தொகை நிறுத்தப்படும் என்றார் பேராசிரியர் சீனிவாசன். (கடுமைதான், அக்காவின் நகை அடகில் இருப்பதை அவர் அறிந்திருந்தாரோ என்னவோ!)

அன்றிரவு கலாம் உணவின்றி வரைபலகை முன் அமர்ந்தார். மறுநாள் காலை ஒரு மணி நேரமே ஓய்வு. ஞாயிறன்று, அறையில் எவரோ நிற்பதை உணர்ந்து திரும்பினார். டென்னிஸ் உடையிலேயே வந்து நின்ற பேராசிரியர் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். முடிக்க இயலாத கெடுவென்று அறிந்தே அதனை விதித்ததாகவும் சொன்னார்.