முள்ளெலியின் படை

இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸின் விடுதலைக்காகப் பாடுபட்டவர்களைப் பெருமைப்படுத்த 1940 நவம்பரில், நாட்டுக்கு வெளியிலிருந்து எதிர்ப்பை வழிநடத்திய பிரெஞ்சுத் தளபதி தெ கோல் ஓர் உயரிய விருதை ஏற்படுத்தினார். அதைப் பெற்றவர்கள் ‘விடுதலைத் தோழர்கள்’ என்று அழைக்கப்பட்டார்கள். மொத்தம் 1,038 பேருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது. அவர்களில் பெண்கள் ஆறே ஆறு பேர். அந்த ஆறு பேரிலும் நால்வர் போர் முடிவதற்குள்ளேயே உயிரிழந்துவிட்டவர்கள். ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் நான்கு ஆண்டுகளில் தப்பி வந்த விமானிகளையும் யூதக் குழந்தைகளையும் தங்கள் வீடுகளில் ஒளித்து வைத்தவர்கள், சைக்கிளில் ரகசியக் கடிதங்களைக் கொண்டு சென்றவர்கள், ரேடியோ கருவியைக் காய்கறிக் கூடைக்கடியில் மறைத்துத் தூக்கிச் சென்றவர்கள் எனப் பெண்கள் இல்லாத எதிர்ப்பு இயக்கமே பிரான்ஸில் இருக்கவில்லை. அப்படியிருக்க 1,038-இல் ஆறு என்ற கணக்கு எப்படி வந்தது? இந்தப் பெண்களின் வீரத்தை யாரும் மறுக்கவில்லை. மேடைக்கு மேடை பாராட்டத்தான் செய்தார்கள். ஆனால் அவர்களுடைய அறிவையும் நிர்வாகத் திறமையையும் தலைமையையும் கணக்கில் எடுக்கவில்லை. வீரத்தைப் போற்றிவிட்டால் கடன் தீர்ந்தது என்று வரலாறு எண்ணிக்கொண்டது. அது தீராத கடன் என்பதற்கு மிகத் தெளிவான சாட்சி, மரி மதலேன் ஃபூர்காத் என்ற பெண்மணியின் வாழ்க்கை.

1909-இல் மார்செய் துறைமுக நகரில் பிறந்தவர் அவர். தந்தை கப்பல் நிறுவனமொன்றில் பணியாற்றியதால் ஷாங்காயில் வளர்ந்தார். ராணுவ அதிகாரி ஒருவரை மணந்து, இரண்டு குழந்தைகள் பிறந்த பிறகு கணவரைப் பிரிந்து வாழ்ந்தார். 1930-களின் பிற்பகுதியில் பாரிஸில், ‘நவார்’ என்ற புனைபெயரில் இயங்கிய லூஸ்தோனோ-லக்கோ என்ற ராணுவ அதிகாரியின் பத்திரிகையில் சேர்ந்தார். ஜெர்மனியின் படை பலத்தைப் பற்றிய தகவல்களைத் திரட்டி ஒழுங்குபடுத்துவது அங்கே அவருக்குக் கிடைத்த பயிற்சி. 1940-இல் பிரான்ஸ் வீழ்ந்ததும் நவார் ஓர் உளவு வலையமைப்பைத் தொடங்கினார். ஆட்களைச் சேர்ப்பது முதல் அன்றாட நிர்வாகம் வரை எல்லாம் மரி மதலேன் கையில் இருந்தது. 1941 ஜூலையில் நவார் கைதானபோது, ‘அலியான்ஸ்’ என்று பின்னாளில் பெயர் பெற்ற அந்த அமைப்பின் தலைமை அவரிடம் வந்து சேர்ந்தது. அப்போது அவருக்கு வயது 31. தன் நாட்டில் அவருக்கு ஓட்டுரிமைகூடக் கிடையாது. பிரெஞ்சுப் பெண்களுக்கு அந்த உரிமை 1944 ஏப்ரலில்தான் அறிவிக்கப்பட்டது.

உளவு என்றதும் துப்பாக்கியும் மாறுவேடமும் நம் நினைவுக்கு வருகின்றன. அலியான்ஸின் அன்றாட வேலை ஒரு பெரிய அலுவலகத்தின் வேலை. ப்ரெஸ்ட், லோரியான், சாந்நசேர் ஆகிய துறைமுகங்களில் எந்த நீர்மூழ்கி எப்போது புறப்படுகிறது, எந்த ரயிலில் எந்தப் படைப்பிரிவு போகிறது, எந்தத் தொழிற்சாலை எதைத் தயாரிக்கிறது என்று லண்டனிலிருந்து கேள்விகள் வந்தபடி இருக்கும். கப்பல்துறைத் தொழிலாளி, ரயில்வே ஊழியர், நீர்மூழ்கி வீரர்களின் மிதவை அங்கிகளைத் தைத்துக் கொடுத்த பெண் எனப் பலர் தங்கள் கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் எழுதி அனுப்புவார்கள். அவற்றைச் சரிபார்த்து, சுருக்கி, சங்கேத மொழிக்கு மாற்றி, ரேடியோவில் அனுப்ப வேண்டும். ஒரே இடத்திலிருந்து அதிக நேரம் அனுப்பினால், ஒலிபரப்பு எங்கிருந்து வருகிறது என்று தேடும் ஜெர்மானிய வண்டிகள் வாசலுக்கே வந்துவிடும். ஆகவே வீடுகளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சம்பளம் கொடுக்க வேண்டும், போலி அடையாள அட்டைகளும் ரேஷன் அட்டைகளும் தயாரிக்க வேண்டும், கைதானவர்களின் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டும். போர் முடிவதற்குள் ஏறத்தாழ 3,000 பேர் இந்த அமைப்பில் இருந்தார்கள். அவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்குப் பெண்கள். ஒவ்வொருவருக்கும் விலங்கு அல்லது பறவையின் பெயரைச் சூட்டும் முறையை மரி மதலேன் கொண்டுவந்தார். லியோன் ஃபே என்ற விமானப்படை அதிகாரிக்குக் ‘கழுகு’ என்று பெயர். தனக்கு அவர் வைத்துக்கொண்ட பெயர் ‘முள்ளெலி’. இந்தப் பெயர்களைக் கண்ட ஜெர்மானியர்கள் அந்த அமைப்பையே ‘நோவாவின் பேழை’ என்று குறிப்பிடத் தொடங்கினார்கள்.

இனி, என் வாதத்துக்கு ஆதாரமான நிகழ்ச்சி. நவார் கைதான பிறகு லண்டனுக்குப் போன செய்திகளில் தலைவரின் பெயர் ஓர் எழுத்துக்குறியும் எண்ணுமாகவே இருந்தது. அந்தக் குறிக்குப் பின்னால் இருப்பவர் ஆண் என்று பிரிட்டிஷ் உளவுத்துறை எண்ணிக்கொண்டது. அவரும் மறுக்கவில்லை. 1941-இன் இறுதியில் நேரில் பேச வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. ஸ்பெயினில் இருந்த பிரெஞ்சுத் தூதரகத்தில் அலியான்ஸின் ஆள் ஒருவர் பணியில் இருந்தார். தூதரகத் தபால் மூட்டைகளை எல்லையில் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. எனவே கடுங்குளிரில், அப்படியொரு சாக்குப் பைக்குள் உடலை மடக்கிக்கொண்டு, மணிக்கணக்கில் அசையாமல் கிடந்து, பைரனீஸ் மலையைக் கடந்து மட்ரிட் போய்ச் சேர்ந்தார் மரி மதலேன். தாங்கள் இத்தனை மாதம் நம்பிக்கையோடு வேலை வாங்கிய தலைவர் ஒரு பெண் என்று அறிந்து பிரிட்டிஷ் பிரதிநிதி திகைத்துப் போனார். இந்தப் பயணத்தைச் சொல்பவர்கள் பெரும்பாலும் சாக்குப் பையோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முந்தைய மாதங்கள்தான். அனுப்பியவர் ஆணா பெண்ணா என்று தெரியாமலேயே, வந்து சேர்ந்த தகவலின் தரத்தை மட்டும் வைத்து லண்டன் அந்த அமைப்பை எடைபோட்டது. பணமும் கருவிகளும் அனுப்பி வளர்த்தது. முகம் பாராமல் நடந்த அந்தத் தேர்வில் அவர் தேறிவிட்டார். உண்மை தெரிந்த பிறகும் அவரை மாற்ற லண்டனுக்குக் காரணம் எதுவும் இருக்கவில்லை.

இதற்கு ஒரு மறுப்பு வரலாம். பெண்களை ஜெர்மானியர்கள் சந்தேகிக்கவில்லை, அதனால்தான் அவர்களால் இந்த வேலைகளைச் செய்ய முடிந்தது, இதில் திறமையைவிட வாய்ப்பே அதிகம் என்பார்கள். சந்தேகம் குறைவாக இருந்தது உண்மைதான். ஆனால் அது கதவைத் திறந்துவிடும், அவ்வளவுதான். உள்ளே போய் எதைப் பார்ப்பது, எதை நினைவில் வைப்பது என்பதைக் கதவு சொல்லித் தராது. அலியான்ஸின் கிளையொன்றில் பணியாற்றிய ஜீனி ரூஸோவைப் பாருங்கள். 1939-இல் படிப்பில் முதலிடம் பெற்றுத் தேறியவர். ஜெர்மன் மொழியில் நல்ல தேர்ச்சி. பாரிஸில் பிரெஞ்சுத் தொழில் நிறுவனங்களுக்காக ஜெர்மானிய அதிகாரிகளோடு பேச்சு நடத்தும் வேலையில் இருந்தார். 1943-இல், இதுவரை உலகம் காணாத புதிய ஆயுதம் ஒன்றைப் பற்றி அந்த அதிகாரிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோது, அவர் எதையும் துருவிக் கேட்கவில்லை. நீங்கள் சொல்வதெல்லாம் நடக்கிற காரியமா, நம்ப முடியவில்லையே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவரை நம்ப வைப்பதற்காகவே ஓர் அதிகாரி வரைபடங்களை எடுத்துக் காட்டிவிட்டார்! அவர் பொறியியல் படித்தவர் அல்லர். புரிந்ததை மட்டும் எழுதலாம் என்று நினைத்திருந்தால் பாதி தகவல் போயிருக்கும். புரியாததையும் கேட்டது கேட்டபடி, சொல்லுக்குச் சொல், தன் கருத்தைக் கலக்காமல் எழுதிக் கொடுத்தார்.

பெனமுண்டெ என்ற ஜெர்மானிய ஏவுகணை ஆய்வு மையத்தில் நடந்த சோதனைகள், வாக்டல் என்ற அதிகாரியின் தலைமையில் உருவான தனிப்படை, வட பிரான்ஸில் அமையவிருந்த ஏவுதளங்கள் எல்லாம் அந்த அறிக்கையில் இருந்தன. பிரிட்டிஷ் அறிவியல் உளவுப் பிரிவின் தலைவர் ஆர். வி. ஜோன்ஸ் அதைப் படித்துவிட்டு, இதை அனுப்பியது யார் என்று விசாரித்தார். மிகத் திறமைசாலியான ஓர் இளம்பெண் என்பது மட்டுமே அவருக்குக் கிடைத்த பதில். வேறு பல வழிகளில் லண்டனுக்கு வந்த துண்டுத் தகவல்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க அந்த அறிக்கை உதவியது. மொழியறிவு, நினைவாற்றல், எதிரிலிருப்பவரின் தற்பெருமையை எங்கே தொட்டால் அவர் பேசுவார் என்ற கணிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்த வேலை இது. 1944-இல் கைதான அவர் ராவென்ஸ்ப்ரூக் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். பிறகு டோர்காவ் ஆயுதத் தொழிற்சாலையில் வேலை செய்ய மறுத்து, அதைவிடக் கொடிய முகாமுக்குத் தள்ளப்பட்டார். பெண் என்பதற்காக யாரும் அவருக்குச் சலுகை காட்டவில்லை. சந்தேகத்தில் கிடைத்த சலுகை, சிக்கிய நாளோடு முடிந்துபோனது.

இரண்டாவது மறுப்பு கடுமையானது. அலியான்ஸின் 3,000 பேரில் 438 பேர் உயிரிழந்தார்கள். 1944 செப்டம்பர் தொடக்கத்தில், ஒரே இரவில், நாட்ஸ்வைலர் வதைமுகாமில் நூற்றுக்கும் மேற்பட்ட அலியான்ஸ் உறுப்பினர்கள் கொல்லப்பட்டார்கள். இத்தனை உயிர்களை இழந்த தலைமையைத் திறமையான தலைமை என்று சொல்லலாமா? இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்கக் கூடாது. ஏழு பேரில் ஒருவர் என்பது சிறிய இழப்பு அல்ல. ஆனால் அந்த அடிகள் எங்கிருந்து விழுந்தன என்றும் பார்க்க வேண்டும். 1941-இல் லண்டனே தேர்ந்தெடுத்து அனுப்பிய ஆங்கிலேய ரேடியோ ஆபரேட்டர் ஒருவர் எதிரிக்கு வேலை செய்த துரோகியாக இருந்தார். 1943-இல் நடந்த பெருங்கைதுகளுக்கு உள்ளிருந்த இன்னொரு துரோகி காரணம். அந்த ஆபரேட்டருக்கு மரண தண்டனை நிறைவேற்றும் முடிவை மரி மதலேன் சுமக்க வேண்டியிருந்தது. அதே 1943-இல், ஆண் ஒருவரின் தலைமையில் இயங்கிய ‘ப்ராஸ்பர்’ என்ற பெரிய பிரிட்டிஷ் வலையமைப்பு சில வாரங்களில் சிதறிப்போனது. அலியான்ஸ் பலமுறை வெட்டுப்பட்டும் துளிர்த்தது. ஒரு வட்டாரத்தில் விழுந்த அடி அடுத்த வட்டாரத்தை முற்றிலும் அழித்துவிடாதபடி மரி மதலேன் பொறுப்புகளைப் பிரித்து வைத்திருந்தார். 1944 மார்ச்சில், நார்மண்டிக் கடற்கரையின் ஜெர்மானிய அரண்களைக் காட்டும் ஏறத்தாழ 17 மீட்டர் நீள வரைபடத்தை அலியான்ஸ் லண்டனுக்கு அனுப்பியது. அதை வரைந்தவர் கான் நகரச் சிற்பி ரொபேர் துவான். நேச நாட்டுப் படைகள் அதே கடற்கரையில் இறங்கிய வேளையில் கான் சிறையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இழப்புக்கு நடுவிலும் வேலை நின்றுவிடவில்லை என்பதற்கு அந்த வரைபடமே சான்று.

மூன்றாவது மறுப்பும் உண்டு. ஃபூர்காத்துக்கு ‘விடுதலைத் தோழர்’ பட்டம் கிடைக்காததற்குக் காரணம் அரசியல், பெண் என்பதல்ல என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. அலியான்ஸ் தெ கோலின் உளவுத்துறையோடு சேராமல் பிரிட்டிஷ் உளவுத்துறையோடு நேரடியாகப் பணியாற்றியது. 1942 நவம்பரில் தெ கோலின் போட்டியாளரான தளபதி ஜிரோவை நீர்மூழ்கியில் தப்புவித்ததும் அதே அமைப்புதான். அவர் ஒருவரின் கதையை இப்படி விளக்கிவிடலாம். ஆனால் பல இயக்கங்கள், பல கட்சிகள், பல வட்டாரங்களைச் சேர்ந்த 1,038 பேரில் ஆறு பெண்கள் என்பதை எந்த உட்கட்சிப் பகையாலும் விளக்க முடியாது. கடலுக்கு அப்பால் பிரிட்டனிலும் இதே கதைதான். பாராசூட்டில் பிரான்ஸில் இறங்கிய பேர்ல் விதரிங்டன், தன் தலைவர் 1944 மேயில் கைதானதும், ஆயிரக்கணக்கான ஆயுதப் போராளிகளைக் கொண்ட வட்டாரத்தை வழிநடத்தினார். அவருடைய பெயர் பரிந்துரைக்கப்பட்ட ராணுவச் சிலுவை விருது பெண்களுக்குக் கிடையாது என்று சொல்லி, குடிமக்களுக்கான விருது ஒன்றை நீட்டினார்கள். தான் செய்தது குடிமைப் பணி அல்ல என்று சொல்லி அதை அவர் திருப்பி அனுப்பினார். பிறகே ராணுவப் பிரிவில் விருது வந்தது. இரண்டு நாடுகள், இரண்டு அரசியல், ஒரே பார்வை.

துணிச்சலைப் போற்றுவதில் என்ன தவறு என்று கேட்கலாம். தவறே இல்லை. அதோடு நிறுத்திக்கொள்வதுதான் தவறு. 1944 ஜூலையில் மரி மதலேன் தென் பிரான்ஸின் ஏக்ஸ் நகரில் பிடிபட்டார். ராணுவக் குடியிருப்பில் அடைக்கப்பட்டார். பிடித்தவர்களுக்கு அவர் யாரென்று இன்னும் தெரியாது. காலையில் வரவிருந்த மேலதிகாரிக்குத் தெரிந்துவிடும். நள்ளிரவு கடந்ததும் உடைகளைக் களைந்து, உடுப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஜன்னல் கம்பிகளுக்கிடையில் தலையை நுழைத்து, தோல் உரிய வெளியேறினார். கேட்கும் எவருக்கும் மயிர்க்கூச்செறியும். அந்த இரவில் அவர் போட்ட கணக்கையும் அதே கவனத்தோடு கேட்க வேண்டும். விடிந்ததும் சக தலைவர் ஒருவர் அவரைத் தேடி வந்தால் பொறியில் சிக்குவார். ஆகவே தப்பித்ததும் தன்னை ஒளித்துக்கொள்ள ஓடாமல், அவரை எச்சரிக்க நடந்தார். வழியில் தேடுதல் நடந்தபோது, அறுவடை முடிந்த வயலில் கதிர் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்களோடு சேர்ந்து குனிந்துகொண்டார். துணிச்சலை மட்டும் சொன்னால், எப்போதோ ஒருமுறை நேர்ந்த அதிசயமாக இது மிஞ்சும். கணக்கையும் சேர்த்துச் சொன்னால்தான், மூன்று ஆண்டுகள் ஓர் அமைப்பைக் கட்டிக் காத்த தலைவரின் இன்னொரு வேலைநாள் இது என்று தெரியும். அதிசயத்தை வணங்கிவிட்டு நகர்ந்துவிடலாம். தலைமையை ஒப்புக்கொண்டால் அதற்குரிய பதவியையும் உரிமையையும் கொடுத்தாக வேண்டும். அந்தக் கட்டாயத்தைத் தவிர்க்கவே 1945-இன் உலகம் வீரம் என்ற பாராட்டோடு நின்றுகொண்டது. ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கட்டளையிட்ட பெண்களின் நாட்டில், மணமான பெண் கணவரின் சம்மதமின்றி வேலைக்குப் போகும் உரிமை 1965-இல்தான் வந்தது என்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

போருக்குப் பின் ஃபூர்காத் ஓய்ந்துவிடவில்லை. காணாமல் போன தன் ஆட்கள் எங்கே, எப்படி இறந்தார்கள் என்று ஊர் ஊராகத் தேடினார். குடும்பங்களுக்கு ஓய்வூதியமும் உதவியும் கிடைக்க அரசு அலுவலகங்களோடு போராடினார். இறந்தவர்களின் பட்டியலைத் தொகுத்தார். 1968-இல் ‘நோவாவின் பேழை’ என்ற பெயரில் தன் நினைவுகளை வெளியிட்டார். 1989 ஜூலையில் அவர் மறைந்தபோது, நெப்போலியனின் கல்லறை இருக்கும் அன்வாலிட் வளாகத்தில் இறுதி மரியாதை நடந்தது. அங்கே அந்த மரியாதையைப் பெற்ற முதல் பெண் அவர். அந்த மரியாதை நியாயமானது. ஆனால் நாற்பத்தைந்து ஆண்டு தாமதம். போர்க்காலப் பெண்களைப் பற்றி இனி எழுதுபவர்களும் பாடம் நடத்துபவர்களும், அவர் எவ்வளவு துணிந்தார் என்று கேட்பதற்கு முன், என்ன செய்தார், யாரை வழிநடத்தினார், எந்த முடிவை எடுத்தார் என்று கேட்கட்டும். ஆண் தளபதிகளிடம் நாம் எப்போதும் முதலில் கேட்பது இந்தக் கேள்விகளைத்தான். அதே அளவுகோலை இவர்களுக்கும் வைத்தால், 438 பேரின் உயிரைப் பொறுப்பாகச் சுமந்த ஒரு தலைவரைப் பார்ப்போம். அவரைக் குறை சொல்லவும் அப்போது நமக்கு உரிமை உண்டு, பெருமைப்படுத்தவும் உரிமை உண்டு.