கொள்ளிடத்துக்கு அப்பால் ஒரு குழலிசை

அரியலூரிலிருந்து தஞ்சைக்குச் செல்லும்போது, திருமானூரில் கொள்ளிடப் பாலத்தைக் கடந்த சற்று நேரத்தில் நாம் திருவையாற்றை அடைகிறோம். வீரமாமுனிவர் தமிழ்ப்பணி ஆற்றிய ஏலாக்குறிச்சிக்கும் அது தொலைவன்று. 1847-இல் அங்கு மறைந்த தியாகராஜ சுவாமிகளின் நினைவாக ஆண்டுதோறும் ஆராதனை நடைபெறுகிறது. பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை அனைவரும் கூடிப் பாடுவதற்கு முன்பு, குழற் கலைஞர் பலர் வரிசையாக அமர்ந்து 'சேதுலரா' கீர்த்தனையை ஒன்றாக வாசிப்பது வழக்கம். பெயர் பெற்ற வித்துவான்களுக்கு அருகிலேயே பயிலும் மாணவரும் அமர்கின்றனர்.

இந்த ஒற்றுமை எளிதில் வந்ததன்று. ஒரு காலத்தில் பெரிய கட்சி, சின்ன கட்சி என இரு பிரிவினர் தனித்தனியே விழா எடுத்தனர். தம் பொருளைச் செலவிட்டு அங்கே கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாளுக்கே, பெண் என்பதால், பாட இடம் தரப்படவில்லை! ஆகவே பெண்கள் மூன்றாம் அணியாயினர். 1940-ஐ ஒட்டித்தான் எல்லோரும் இணைந்தனர். பஞ்சரத்தினத்தைச் சேர்ந்து பாடும் முறையும் அக்காலத்தில் ஏற்பட்டதே.

குழலிலே சேர்ந்து வாசிப்பது இன்னும் கடினம். வீணையின் தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கலாம். மூங்கிலை முறுக்க முடியுமா? துளையிடும்போதே அதன் சுருதி முடிவாகிவிடுகிறது. எனவே அனைவரும் ஒரே சுருதிக் குழலைக் கொண்டுவர வேண்டும். எஞ்சிய சிறு வேற்றுமையை உதட்டின் சாய்வால் சரிசெய்ய வேண்டும். மாணவன் இதைப் பக்கத்துக் குழலைக் கேட்டே பழகுகிறான். குழலைத் தனிக்கச்சேரி வாத்தியமாக உயர்த்திய கும்பகோணம் சரப சாஸ்திரி (1872–1904) கண்பார்வை அற்றவர் என்பதும் இங்கே நினைவுக்கு வருகிறது.

நம் பாடகர் குழுவில் குழல் பயிலும் பிள்ளைகள், ஆராதனை நாளன்று விடியலில் பேருந்து ஏறினால் இதை நேரில் கேட்டு வரலாம்.