மருந்து விருந்தான வரலாறு

தோட்டப் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் போதிக்கும் ஒருவன் மதுவைப் பற்றி எழுத முற்படுவதைக் கண்டு வாசக அன்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். கள்ளுக்கடையால் குலைந்த குடும்பங்களை நம்மவர் யாவரும் அறிவர். மதுவின் புகழ் பாடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு பொருளின் பிறப்பைப் பற்றிய கட்டுக்கதை எவ்வாறு மெல்ல மெல்ல உண்மையின் ஆசனத்தில் ஏறி அமர்ந்துவிடுகிறது என்பதற்கு, இத்தாலிய நாட்டின் இனிப்பு வெர்மூத் மிக நல்ல சான்றாக இருத்தலால் அதனை எடுத்துக் கொண்டேன்.

வெர்மூத் என்பது திராட்சை மதுவில் மூலிகைகளையும் வாசனைப் பொருள்களையும் ஊறவைத்து, சீனியும் சிறிது சாராயமும் சேர்த்துச் செய்யப்படும் பானம். மேலை நாட்டார் இதனை உணவுக்கு முன் சிறிதளவு அருந்துவர். அத்தகைய பானத்திற்கு 'அபெரிட்டிவோ' என்று பெயர். திறத்தல் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லினின்றும் பிறந்தது அப்பெயர். பசியைத் திறப்பது என்பது கருத்து. கசப்பு பசியைத் தூண்டும் என்னும் எண்ணம் நமக்குப் புதிதன்று. வேப்பம்பூ ரசமும் சுண்டைக்காய் வற்றலும் நம் இலையில் இடம்பெற்றது வேறெதற்கு?

பெயரைச் சற்று ஆராய்வோம். 'வெர்முட்' என்பது ஆர்ட்டிமீசியா குலத்தைச் சேர்ந்த ஒரு கசப்புச் செடிக்கு ஜெர்மானியர் வழங்கும் பெயர். நம் மாதர் மல்லிகையோடு சேர்த்துத் தொடுக்கும் மரிக்கொழுந்தும் அதே குலந்தான். ஆனால் மணத்துக்காக நாம் போற்றும் குலத்தில், ஐரோப்பியர் போற்றியது கசப்பை. வயிற்றுப் புழுவைக் கொல்லவும் செரிமானத்தைச் சீர்ப்படுத்தவும் அச்செடியை மதுவில் ஊறவைத்துக் கொடுத்தனர். கி.பி. முதல் நூற்றாண்டில் உழவுத் தொழில் பற்றி எழுதிய கொலுமெல்லா என்னும் ரோமானியர் அதன் செய்முறையைத் தம் நூலில் தந்துள்ளார். லண்டன்வாசியான சாமுவேல் பீப்ஸ் 17-ஆம் நூற்றாண்டில் எழுதிய நாட்குறிப்பிலும் அக்கசப்பு மது இடம்பெறுகிறது.

நிற்க. வெர்மூத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று வினவினால் பெரும்பாலோர் கூறும் பெயர் அந்தோனியோ பெனதெத்தோ கார்ப்பானோ என்பதாகும். பீட்மாண்ட் மாகாணத்தின் தலைநகராகிய டுரின் நகரில், அரண்மனைச் சதுக்கத்தின் அருகே ஒரு கடையில், 1786-ஆம் ஆண்டில் அவர் இதனை விற்கத் தொடங்கினார் என்பது வழக்கு. அவர் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அப்பகுதியில் விளையும் மஸ்கட் என்னும் மணமிக்க வெள்ளைத் திராட்சையின் மதுவை அடிப்படையாக வைத்து, மருந்துக் கசப்பை இனிமையால் அடக்கி, நகர மக்கள் விரும்பிக் குடிக்கும் பானமாக அதற்குப் பெயர் தேடித் தந்தவர் அவரே. ஆனால் சின்சானோ சகோதரர் இருவர் டுரின் நகரத்து மிட்டாய்க்காரர், சாராயம் வடிப்போர் சங்கத்தில் தேர்ந்த தொழிலாளராகச் சேர்ந்தது 1757-ஆம் ஆண்டில். அஃதாவது 29 ஆண்டுகள் முன்னரே. சீனிப் பாகும் வடிசாராயமும் மூலிகையும் ஒரே சங்கத்தாரின் கையில் இருந்த ஊர் அது. அவ்வூரில் இப்பானம் ஒருவர் மூளையில் திடீரென்று உதித்தது என்பதைக் காட்டிலும், பல பட்டறைகளில் பல கைகள் பட்டுத் திருந்தியது என்பதே பொருத்தம்.

அதில் சேர்ந்த சரக்குகளையும் நோக்குக. கறுவாப்பட்டை இலங்கையினது; கிராம்பு மலுக்குத் தீவுகளினது; சாதிக்காய் பண்டாத் தீவுகளினது. மலைக்காய்ச்சலுக்கு நம் தோட்டங்களில் கொடுத்த கொயினா மருந்தின் மூலமாகிய சின்கோனாப் பட்டை தென் அமெரிக்காவினது. இனிப்பு வெர்மூத்தின் செந்நிறங்கூட அதன் திராட்சையினுடையதன்று. மது பெரும்பாலும் வெள்ளை மதுவே. சீனியைக் கருக்கிய பாகுதான் அதற்குச் சிவப்பூட்டுகிறது. இதனைப் படித்தபோது எனக்கே வியப்பாக இருந்தது.

1853-இல் டுரினுக்கும் ஜெனோவாத் துறைமுகத்துக்கும் இடையே இருப்புப் பாதை முடிந்தது. 1863-இல் மார்ட்டினி, சோலா, ரோஸ்ஸி என்னும் மூவர் தொடங்கிய நிறுவனம், அப்பாதையோரத்தில் உள்ள பெஸ்ஸியோனே என்னும் சிற்றூரைத் தேர்ந்தது தற்செயலன்று. ஜெனோவாவினின்றும் கப்பலேறிய வெர்மூத் அமெரிக்காவை அடைந்தது. பிரெஞ்சு நாட்டிலும் இனிப்பில்லாத வகை ஒன்று உருவாகியிருந்தது. ஆகவே அமெரிக்க மதுக்கூடங்களில் 'இத்தாலியன்' என்றால் இனிப்பு, 'பிரெஞ்சு' என்றால் இனிப்பற்றது என்னும் வழக்கு ஏற்பட்டது.

அங்கேதான் அது காக்டெயில் என்னும் கலப்பு மதுவிற் புகுந்தது. விஸ்கியோடு வெர்மூத்தும் சில துளி கசப்புச் சாறும் கலந்த 'மன்ஹாட்டன்' அவற்றுள் தலையாயது. இதன் பிறப்பைப் பற்றி வழங்கும் கதை சுவையானது. சாமுவேல் டில்டன் நியூயார்க் மாநில ஆளுநராகத் தேர்தலில் வென்றதைக் கொண்டாட, வின்ஸ்டன் சர்ச்சிலின் அன்னையார் ஜென்னி ஜெரோம் மன்ஹாட்டன் சங்கத்தில் விருந்தளித்தார் என்றும், அவ்விருந்துக்கென்றே இப்பானம் உண்டாயிற்று என்றும் கூறுவர். கூறுவோர் ஒருமுறை ஆண்டுக்குறிப்பைப் புரட்டியிருந்தால் போதும். டில்டன் வென்றது 1874 நவம்பர்த் தொடக்கத்தில். சர்ச்சில் பிறந்தது அதே ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள், இங்கிலாந்தின் பிளென்ஹைம் மாளிகையில். அட்லாண்டிக் மாகடலின் அக்கரையில், பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கியிருந்த ஒரு மாது நியூயார்க்கில் விருந்து நடத்தியிருக்க முடியாது. ஆயினும் இக்கதை எத்தனை நூல்களில் உலவுகிறது! ஐந்தாம் வகுப்பு மாணவனிடம் இரு தேதிகளையும் ஒரு தேசப் படத்தையும் கொடுத்தால் அவனே இதனைத் தள்ளிவிடுவான்.

அச்சுச் சான்றை நாடினால், 1884-இல் வெளிவந்த பைரன் என்பாரின் மதுக்கூடக் கையேட்டில் மன்ஹாட்டன் இருவகையாகக் காணப்படுகிறது. ஒன்று பிரெஞ்சு வெர்மூத்தினால், மற்றொன்று இத்தாலிய வெர்மூத்தினால். விஸ்கிக்குப் பதில் ஜின் சேர்த்தால் 'மார்ட்டினெஸ்' என்று அந்நூல் ஒரே வரியில் முடித்துவிடுகிறது. பிற்காலத்து 'மார்ட்டினி' இதன் வழிவந்தது என்று கருதுவோர் பலர். இவற்றையெல்லாம் முதலிற் கலந்த பணியாளரின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. பெயரில்லாத இடத்தில் சீமாட்டி ஒருவர் வந்து அமர்ந்து கொண்டார்.

இத்தாலியிலோ கலவை வேறு வழியிற் சென்றது. மிலான் நகரத்துக் கம்பாரி என்னும் கசப்புச் சாறும் டுரின் வெர்மூத்தும் சேர்ந்து, இரு ஊர்ப் பெயராலேயே 'மிலானோ–தொரினோ' எனப்பட்டது. சோடா நீர் கூடியபோது 'அமெரிக்கானோ' ஆயிற்று. சோடாவுக்குப் பதில் ஜின் கூடியபோது 'நெக்ரோனி' ஆயிற்று. நெக்ரோனிப் பிரபு பற்றியும் கதையுண்டு. அதனையும் தேதி கொண்டு சோதித்தல் நலம்.

இப்பொழுது ஐரோப்பியச் சட்டம் வெர்மூத்தில் நூற்றுக்கு 75 பங்கேனும் திராட்சை மது இருக்க வேண்டுமென்றும், ஆர்ட்டிமீசியாச் செடி கட்டாயம் சேர வேண்டுமென்றும் விதிக்கிறது. இனிப்பு வகையில் லிட்டருக்கு 130 கிராம் சீனியாவது உண்டு. 2017-இல் இத்தாலிய அரசு 'டுரின் வெர்மூத்' என்னும் பெயருக்குத் தனிக்காப்பு அளித்து, அதிற் சேரும் அக்கசப்புச் செடி பீட்மாண்ட் மண்ணில் விளைந்ததாய் இருத்தல் வேண்டுமென்று கட்டளையிட்டது. கிராம்புக்கும் சாதிக்காய்க்கும் அத்தகைய நிபந்தனை விதிக்க இயலாது. அவை பழையபடியே கடல் கடந்து போய்க் கொண்டிருக்கின்றன.