உறைநிலையிற் காத்த கரு

உலகின் முதற் சோதனைக்குழாய்க் குழந்தை 1978 யூலை 25இல் இங்கிலாந்திற் பிறந்தது. அதற்கு 70 நாட்களின் பின், ஒக்டோபர் 3இல், கல்கத்தாவில் மற்றொரு பெண்மகவு பிறந்தது. மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய் அக்கருவை 53 நாட்கள் உறைநிலையிற் காத்த பின்னரே தாயின் கருப்பையில் இட்டார். காரணம் யாது? முட்டைகள் மிகும்பொருட்டு அளித்த மருந்தினால், அம்மாதம் கருப்பை கருவை ஏற்கும் பக்குவம் குன்றியிருக்கும் என அவர் கருதினார்.

அரசு அமைத்த குழு அவர் கூற்றை ஏற்கவில்லை. 1981இல் அவர் மனமுடைந்து உயிர் நீத்தார். 1986இல் தாம் ஈட்டிய சாதனையால் முதல்வரெனப் புகழப்பெற்ற அறிஞர் ஆனந்தகுமாரே, முகோபாத்யாயின் குறிப்புகளை ஆராய்ந்து, அப்பெருமை அவருக்கே உரியதென 1997இல் எழுதினார்.

கருவை உடனே இடுவதா, உறையவைத்துப் பின்னர் இடுவதா என்பதை மருத்துவர் இன்று பெண்ணின் உடல்நிலை நோக்கியே முடிவு செய்கின்றனர். அவ்வினாவை அன்றே எழுப்பியவர் அவர்.