அதிர்வெண்ணை மறக்கச் செய்த ஆர்டிஎஸ்

கார் வானொலியின் வரலாறு பெரும்பாலும் ஒலித்தரத்தின் வரலாறாகவே சொல்லப்படுகிறது: இரைச்சல் மிகுந்த மத்திய அலை, பிறகு தெளிவான பண்பலை, இப்போது டிஜிட்டல். ஆனால் ஓட்டுநரின் பயணத்தை உண்மையில் மாற்றியது ஒலி அல்ல. நிலையத்தைத் தேடும் வேலை அவர் கையிலிருந்து கருவிக்குப் போனதுதான் பெரிய மாற்றம். பண்பலை வெகுதூரம் எட்டாது. ஒரே நிகழ்ச்சியை நாடு முழுவதும் கொடுக்கப் பல கோபுரங்கள் வேண்டும். பக்கத்துக் கோபுரங்கள் ஒன்றையொன்று குலைக்காதிருக்க, ஒவ்வொன்றுக்கும் வேறு அதிர்வெண் வேண்டும். பிரிட்டனில் பிபிசி ரேடியோ 2 இப்படித்தான் 88 முதல் 91 மெகாஹெர்ட்ஸ் வரை சிதறியிருந்தது. வீட்டில் ஒருமுறை திருகி வைத்தால் போதும். நெடுஞ்சாலையிலோ ஒலி மங்கும்போதெல்லாம் மறுபடி திருக வேண்டும். கண் சாலையை விட்டு விலகும்.

இதற்கான முதல் அடியை மேற்கு ஜெர்மனி எடுத்து வைத்தது. 1974-இல் அங்கே தொடங்கிய ஏஆர்ஐ முறை, போக்குவரத்துச் செய்தி தரும் நிலையங்களைக் கார் வானொலிக்கு அடையாளம் காட்டியது. அதன் குறிப்பலை 57 கிலோஹெர்ட்ஸில் சென்றது. பண்பலை ஒலியோடு தரவையும் சேர்த்து அனுப்ப ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1984-இல் வெளியிட்ட ஆர்டிஎஸ் (Radio Data System) முறையும் அதே 57 கிலோஹெர்ட்ஸை எடுத்துக்கொண்டது, ஏஆர்ஐ-யைக் கெடுக்காத வகையில். 1987-இல் பிபிசி ஆர்டிஎஸ்ஸை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதன் வேகம் நொடிக்கு வெறும் 1187.5 பிட்.

அந்தக் குறுகிய வழியில் எதற்கு முதலிடம் கொடுத்தார்கள் என்பதே என் வாதத்துக்குச் சான்று. 104 பிட் கொண்ட ஒவ்வொரு தொகுப்பின் தலையிலும் நிலையத்தின் அடையாள எண் இருக்கும். நொடிக்குப் பதினோரு முறைக்கு மேல் அது வருகிறது. திரையில் தெரியும் எட்டெழுத்துப் பெயரோ தொகுப்புக்கு இரண்டெழுத்தாக, நிதானமாகத்தான் வந்து சேரும். மனிதர் படிக்கும் பெயரைவிடக் கருவி நம்பும் எண்ணே முக்கியம் என்று வடிவமைத்தவர்கள் முடிவுசெய்திருந்தார்கள். அதே நிகழ்ச்சியின் மாற்று அதிர்வெண்களும் பட்டியலாக வரும். ஒலி நலிந்தால் கருவி பட்டியலில் உள்ள வேறொன்றுக்குத் தாவி, எண் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, அங்கேயே நிலைகொள்ளும்.

குறைகளும் உண்டு. போக்குவரத்து அறிவிப்பு வந்தால் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு அறுபடும். எட்டெழுத்துப் பெயரிடத்தை ஓடும் விளம்பரப் பலகையாக்கிய நிலையங்கள் ஓட்டுநரின் கவனத்தைச் சிதறடித்தன. ஆனால் முதலாவது, கேட்பவர் விரும்பினால் அணைத்துவைக்கக்கூடிய வசதி. இரண்டாவது, முறையின் பிழையல்ல, விதியை மீறிய பயன்பாடு. இதைவிட வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது: நோர்வே 2017-இல் தேசிய நிலையங்களைப் பண்பலையிலிருந்து டிஏபி டிஜிட்டல் ஒலிபரப்புக்கு முழுவதும் மாற்றிவிட்டது; அப்படியானால் ஆர்டிஎஸ் காலாவதியான இடைக்கால ஏற்பாடுதானே? கருவி மாறியதென்னவோ உண்மை. ஆனால் டிஏபியிலும் கேட்பவர் பெயர்ப்பட்டியலிலிருந்துதான் நிலையத்தைத் தேர்கிறார். இரண்டு ஒலிபரப்பும் உள்ள நாடுகளில் டிஜிட்டல் அலை அறுந்தால், அடையாள எண்ணைக் கொண்டே கார் ஸ்டீரியோ பண்பலைக்கு மாறிக்கொள்கிறது. நிலையம் என்பது அதிர்வெண் அல்ல, அடையாளம் என்று நிறுவியது ஆர்டிஎஸ். டிஜிட்டல் வானொலி அந்த அடித்தளத்தின் மேல்தான் எழுந்தது.